நான்கு தலைமுறைப் பழப்பண்ணையின் வரலாற்றை எங்கிருந்து எழுதத் தொடங்குவது?

கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து நான்கு தலைமுறையாகக் குடும்பத்தின் கையில் இருந்துவரும் பழப்பண்ணையின் வரலாற்றை எழுத விரும்புவதாகவும், இப்போதைக்குக் கையில் இருப்பவை சில பெயர்களும் சில ஆண்டுகளும் ஒரு பெட்டி நிறையப் பழைய காகிதங்களும்தான் என்றும், இவற்றை வைத்துக்கொண்டு எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். விடை சற்று நீளும். மற்றக் குடும்பத் தொழில்களின் வரலாற்றை எழுதுவதுபோல் பழப்பண்ணையின் வரலாற்றை எழுதிவிட முடியாது என்பதை முதலில் விளக்கியாக வேண்டும்.

இத்தகைய வரலாறுகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் வருகின்றன. முன்னோர் ஒருவர் நிலம் வாங்கினார், அவர் மகன் அதைப் பெருக்கினார், பேரன் புதுமுறைகளைப் புகுத்தினார், கொள்ளுப்பேரன் இன்று நடத்துகிறார். பண்ணை என்ற சொல்லை எடுத்துவிட்டு அச்சகம் என்று போட்டாலும் அதில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிராது. அப்படி மாற்றிப்போட முடிகிற வரலாறு பழப்பண்ணையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்றுதான் நான் கொள்வேன். தானியம் விதைப்பவர் இந்தப் பருவத்தில் செய்த பிழையை அடுத்த பருவத்தில் திருத்திக்கொள்ளலாம். பழமரம் வைப்பவர் தேர்ந்த ரகம் தவறாகப் போனால் அது தவறு என்று தெரியவருவதற்கே பல ஆண்டுகள் ஆகும், தெரிந்த பிறகும் அந்த மரங்கள் முப்பது நாற்பது ஆண்டுகள் அங்கேயே நின்றுகொண்டிருக்கும். நட்டவர் ஒருவர், பலன் கண்டவர் இன்னொருவர், வேரோடு எடுத்தவர் மூன்றாமவர் என்பது இத்தொழிலில் வழக்கமானது. ஆகவே அத்தியாயங்களை ஆட்களின் பெயரால் பிரிக்காமல் நடவுகளால் பிரியுங்கள். எந்த ஆண்டில், எந்த நிலத்துண்டில், எந்த ரகம், எந்த இடைவெளியில் வைக்கப்பட்டது, அதற்குமுன் அங்கே என்ன நின்றது என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டால் பண்ணையின் முதுகெலும்பு கிடைத்துவிட்டது என்று பொருள். குடும்பத்தார் அதன்பின் தாமாகவே வந்து அவரவர் இடத்தில் நின்றுவிடுவார்கள்.

இதற்கு முதல் ஆவணம் நிலம்தான். பண்ணையின் வரைபடம் ஒன்றைக் கையாலேயே போட்டுக்கொண்டு, ஒவ்வொரு துண்டிலும் மரத்துக்கு மரம், வரிசைக்கு வரிசை உள்ள இடைவெளியை நாடாவால் அளந்து குறியுங்கள். இடைவெளி காலத்தைச் சொல்லும். ஆப்பிளை எடுத்துக்கொண்டால், விதையில் முளைத்த வீரியமான வேர்ச்செடியின்மேல் (ஒட்டுமரத்துக்கு வேராக அமையும் அடிச்செடி) ஒட்டுக்கட்டிய பழைய மரங்களை எட்டு முதல் பத்து மீட்டர் இடைவெளியில் வைத்தார்கள். ஹெக்டேருக்கு நூறு மரங்கள், கூடினால் நூற்றைம்பது. அவை நல்ல காய்ப்புக்கு வர ஏழு முதல் பத்து ஆண்டுகள் ஆகும், அதன்பின் ஒரு மனித ஆயுளுக்குக் காய்க்கும். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 1913இல் தொடங்கப்பட்ட ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையத்தில் ரொனால்டு ஹாட்டனும் அவர் குழுவினரும், நாற்றுப்பண்ணைகளில் பெயர் குழம்பிக் கிடந்த குட்டை வேர்ச்செடிகளைத் தரம்பிரித்து எண்ணிட்டார்கள். அந்த வரிசையில் எம் 9 என்று பெயர் பெற்ற வேர்ச்செடி மரத்தை இரண்டரை முதல் மூன்று மீட்டர் உயரத்தோடு நிறுத்திவிடுகிறது. அதன்மேல் கட்டிய மரங்களை ஹெக்டேருக்கு மூவாயிரம் வரை வைக்கலாம். இரண்டாம் மூன்றாம் ஆண்டிலேயே காய்க்கும். ஆனால் வேர்ப்பிடிப்பு போதாமையால் ஆயுள் முழுவதும் கழியோ கம்பியோ தாங்க வேண்டும். இருபது ஆண்டுகளில் அவற்றை எடுத்துவிட்டு மறுநடவு செய்வதே கணக்கு.

இந்த மாற்றத்தைத் தொழில்நுட்ப முன்னேற்றம் என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறவர்கள் அதன் உண்மையான விளைவைத் தவறவிடுகிறார்கள் என்பது என் கருத்து. பெரிய மரங்களை வைத்த தலைமுறை பேரப்பிள்ளைகளுக்காக வைத்தது. குட்டை மரங்களை வைத்த தலைமுறை வங்கிக் கடனின் தவணைக்காலத்துக்குள் பலன் எடுப்பதற்காக வைத்தது. குடும்பத்துக்கும் பண்ணைக்கும் இருந்த உறவே அங்கே மாறிவிடுகிறது. உங்கள் பண்ணையில் அந்த மாற்றம் எந்த ஆண்டில் நிகழ்ந்தது, அதை முன்மொழிந்தவர் யார், மறுத்தவர் யார் என்பதைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலான குடும்பங்களில் தந்தைக்கும் மகனுக்கும் நடந்த மிகப் பெரிய வாக்குவாதம் இதுவாகத்தான் இருக்கும்.

இடைவெளிக்கு அடுத்தபடியாக அடிமரத்தைப் பாருங்கள். நிலமட்டத்துக்குச் சற்று மேலே தடிப்பு ஒன்று தெரிந்தால் அது முதல் ஒட்டு, நாற்றுப்பண்ணையில் கட்டப்பட்டது. ஆனால் சில முதிய மரங்களில் இடுப்பு உயரத்திலோ, கிளை பிரியும் இடங்களிலோ இன்னொரு தடிப்பு இருக்கும். அதற்குக் கீழே பட்டை வெடித்துக் கரடுமுரடாகவும் மேலே சற்று வழவழப்பாக, நிறம் மாறியும் காணப்படும். கையால் தடவினாலே வேறுபாடு தெரியும். வளர்ந்த மரத்தின் கிளைகளை அறுத்துவிட்டு, அந்த வெட்டுகளில் வேறு ரகத்தின் குச்சிகளைச் செருகிக் கட்டிய அடையாளம் அது. மரம் நல்ல மரம், ஆனால் அதன் ரகத்துக்குச் சந்தையில் மதிப்புப் போய்விட்டது என்ற நிலையில், வேரை வைத்துக்கொண்டு தலையை மட்டும் மாற்றுவார்கள். அப்படி மாற்றிய மரம் இரண்டு மூன்று ஆண்டுகளில் மீண்டும் காய்த்துவிடும். ஆகவே அத்தகைய மரம் ஒன்று இரண்டு ஆண்டுக்கணக்குகளைத் தாங்கி நிற்கிறது: கீழே தாத்தா நட்ட ஆண்டு, மேலே மகன் மனம் மாறிய ஆண்டு. சில சமயம் ஒட்டுக்குக் கீழிருந்து ஒரு கிளை தப்பி வளர்ந்து பழைய ரகத்தையே இன்னும் காய்த்துக்கொண்டிருக்கும். அதைக் கவாத்தில், அதாவது கிளை கழிக்கும்போது, வெட்டிவிடாதபடி உடனே ஓர் அடையாளம் கட்டிவையுங்கள். உங்கள் பண்ணையில் அந்த ரகத்தின் கடைசிச் சாட்சி அதுவாக இருக்கலாம்.

வரிசை நடுவே பொருந்தாமல் நிற்கும் மரங்களையும் அலட்சியம் செய்ய வேண்டாம். ஆப்பிள், பேரி, இனிப்புச் செர்ரி ஆகியவற்றில் பெரும்பாலான ரகங்கள் தம் மகரந்தத்தால் தாமே காய்ப்பதில்லை; வேறு ரகம் அருகில் பூக்க வேண்டும். அமெரிக்க வேளாண் துறையின் மெர்ட்டன் வெய்ட் 1890களில் பேரி மரங்களில் இதைத் தெளிவாகக் காட்டும்வரை, ஒரே ரகத்தைப் பெரும்பரப்பில் வைத்துவிட்டு ஏன் காய்க்கவில்லை என்று தவித்தவர்கள் உண்டு. ஒவ்வொரு மூன்றாம் வரிசையிலும் ஒவ்வொரு மூன்றாம் மரம் வேறு ரகமாக இருந்தால், அந்தத் துண்டை வைத்தவர் இதை அறிந்திருந்தார் என்று கொள்ளலாம். ஒழுங்கின்றி அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டுப்போட்டிருந்தால், காய்க்காத துண்டைக் காப்பாற்றப் பின்னால் யாரோ முயன்றிருக்கிறார் என்று ஊகிக்கலாம்.

பழைய காகிதங்களில் ரகப் பெயர்கள் இருபது முப்பது என்று நீண்டு, இன்று பண்ணையில் நான்கைந்தே இருப்பதைப் பார்த்து, முன்னோர் ஆசைக்காகப் பலவற்றை வைத்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள். பழத்தைப் பல மாதங்கள் வைத்திருக்க வழியில்லாத காலத்தில் ரகங்களே கிடங்கின் வேலையைச் செய்தன: கோடை முடிவதற்குள் பறித்து உடனே தின்ன ஒன்று, சமைக்க ஒன்று, பழச்சாறு பிழிய ஒன்று, பறித்துப் பரணில் பரப்பிவைத்தால் பல மாதம் கழித்துத்தான் சுவையேறும் கெட்டிக்காய் ஒன்று. கேம்பிரிட்ஜில் ஃபிராங்க்ளின் கிட், சிரில் வெஸ்ட் ஆகிய இருவரும் 1920களில், கிடங்கின் காற்றில் ஆக்சிஜனைக் குறைத்துக் கரியமில வாயுவைக் கூட்டினால் பழத்தின் மூச்சு மந்தமாகி அது நீண்ட காலம் கெடாதிருக்கும் என்று நிறுவினார்கள். அந்த முறையில் முதல் வணிகக் கிடங்கு 1929இல் கென்டில் எழுந்தது. ஒரே ரகத்தை ஆண்டு முழுவதும் விற்க முடிந்தபின் பரணில் பழுக்கவைக்கும் ரகத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. உங்கள் குடும்பத்தின் ரகப் பட்டியல் எந்தப் பத்தாண்டில் சுருங்கியது என்பதையும், அருகில் குளிர்பதனக் கிடங்கு எப்போது வந்தது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் பொருந்திவரும்.

ரகங்களைப் பற்றிப் பேசும்போது குடும்பக் கதைகள் மிகுதியாகப் புகும் இடம் ஒன்றுண்டு. “இந்த ரகத்தை எங்கள் தாத்தாதான் உண்டாக்கினார்” என்பது பல குடும்பங்களில் கேட்கும் பேச்சு. அது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. புகழ்பெற்ற ரகங்களில் பல, ஆய்வு நிலையங்களுக்கு வெளியே யாரோ ஒருவரின் கொல்லையில் தற்செயலாக முளைத்தவைதாம். பழமரத்தின் விதை பெரும்பாலும் தாயைப் போலக் காய்ப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு ரகமும் ஒரே ஒரு மூலமரத்தின் குச்சியிலிருந்து கைமாறிக் கைமாறி வந்த தொடர்ச்சி. சிட்னிக்கு அருகே மரியா ஆன் ஸ்மித் என்ற மூதாட்டியின் நிலத்தில் முளைத்த கன்று 1868இல் கவனத்துக்கு வந்தது. இரண்டு ஆண்டுகளில் அவர் இறந்துவிட்டார். இன்று உலகெங்கும் நிற்கும் கிரானி ஸ்மித் மரங்கள் எல்லாம் அந்தக் கன்றின் துண்டுகள். கனடாவின் ஆன்டாரியோவில் ஜான் மெக்கிண்டாஷ் 1811இல் புதர் நீக்கும்போது கண்டெடுத்த கன்றுகளில் ஒன்று நல்ல பழம் தந்தது. ஆனால் ஒட்டுக்கட்டும் வித்தையைக் கற்று அதைப் பெருக்கி விற்றவர் அவர் மகன் ஆலன். 1894இல் வீடு தீப்பிடித்தபோது அருகில் நின்ற மூலமரமும் கருகியது. ஒரு பக்கம் மட்டும் சில காலம் காய்த்து 1910இல் அது சாய்ந்தது. தந்தை கண்டார், மகன் பெருக்கினார், மரம் இருவருக்கும் பின்னும் வாழ்ந்தது என்ற இந்த அமைப்பில், எந்த ஒரு நபரையும் உண்டாக்கியவர் என்று சொல்வது கடினம். உங்கள் குடும்பப் பேச்சையும் இப்படிக் கூறுபோட்டுப் பாருங்கள்: முளைத்தது யார் நிலத்தில், கவனித்தது யார், ஒட்டுக்கட்டியது யார், பெயர் வைத்தது யார்.

பெயர் வைத்தவர் பெயரே நிற்கும், நட்டவர் பெயர் மறையும் என்பதற்கு பிராம்லி ஆப்பிள் நல்ல சான்று. நாட்டிங்ஹாம்ஷயரின் சவுத்வெல்லில் 1809இல் விதையை ஊன்றியவர் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற பெண். 1846இல் அந்த வீட்டை வாங்கியவர் மாத்யூ பிராம்லி என்ற கசாப்புக்கடைக்காரர். நாற்றுப்பண்ணைக் குடும்பத்து இளைஞரான ஹென்றி மெர்ரிவெதர் 1856இல் குச்சி வெட்டிக்கொள்ள அனுமதி கேட்டபோது, என் பெயரை வைத்தால் எடுத்துக்கொள் என்றாராம் பிராம்லி. மரத்துக்கு அவர் செய்தது அவ்வளவுதான். 1862 அக்டோபர் 31 அன்று மூன்று பிராம்லி ஆப்பிள்களை 2 ஷில்லிங்குக்கு விற்றதாக மெர்ரிவெதரின் கணக்கில் ஒரு குறிப்பு இருக்கிறது. அந்த ரகத்தின் விற்பனைக்கு அதுவே முதல் சான்றாகக் கருதப்படுகிறது. கணக்குப் புத்தகத்தின் அற்பமான ஒரு வரி என்னவாகக் கூடும் என்பதை இதில் பாருங்கள்.

உங்கள் ரகம் தனித்தன்மை உடையதுதானா என்று அறிய இன்று வழி இருக்கிறது. இளந்தளிரை அனுப்பினால் மரபணுக் குறியீட்டைப் பெயர் தெரிந்த ரகங்களோடு ஒப்பிட்டுச் சொல்லும் ஆய்வகங்கள் உள்ளன. அமெரிக்க வேளாண் துறை 1886 முதல் 1942 வரை வரையச் செய்த சுமார் 7,500 பழ நீர்வண்ண ஓவியங்களும் பொதுப்பார்வைக்குத் திறந்திருக்கின்றன. படச்சுருள் வண்ணம் காட்டாத காலத்தில் பழத்தின் தோல், வெட்டுமுகம், புழுத்துளை வரை அவற்றில் தீட்டியிருக்கிறார்கள். ஆய்வின் முடிவு, தாத்தாவின் ரகம் நன்கறியப்பட்ட வேறொன்றுதான் என்று வந்தாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. அது எந்த நாற்றுப்பண்ணை வழியாக, எந்தப் பெயர் மாற்றத்தோடு உங்களிடம் வந்தது என்பது அந்தக் கதையைவிடச் சுவையானதாக இருக்கும்.

நிலம் ஏன் பழப்பண்ணை ஆயிற்று என்ற கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. மண்ணும் தட்பவெப்பமும் வாய்த்திருந்தன என்று எழுதி நகர்ந்துவிடுகிறார்கள். உண்மைக் காரணம் சில சமயம் சட்டமாக இருக்கும். அமெரிக்காவின் ஒஹாயோ கம்பெனி என்ற நிலக் குடியேற்ற நிறுவனம் தன் எல்லைப்புறத்தில் இலவசமாக நிலம் பெற்றவர்களுக்கு, மூன்று ஆண்டுகளுக்குள் ஐம்பது ஆப்பிள் அல்லது பேரி மரங்களும் இருபது பீச் மரங்களும் வைக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. மரம் வைத்தவர் ஓடிப்போக மாட்டார் என்பதே அதன் உட்பொருள். சில சமயம் காரணம் ஒரு மனிதரின் பிடிவாதம். ஹென்டர்சன் லுவெல்லிங் 1847இல் சுமார் 700 ஒட்டுக்கன்றுகளை மண் நிரப்பிய மரப்பெட்டிகளில் வைத்து, மாட்டுவண்டியில் அயோவாவிலிருந்து ஆரிகனுக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் தண்ணீர் ஊற்றி வந்தும் பாதியளவே பிழைத்தன. ஆரிகனின் பழத்தொழில் அந்தப் பாதியிலிருந்து தொடங்கிற்று. உங்கள் நிலப்பத்திரத்திலும் குத்தகைச் சீட்டிலும் மரங்களைப் பற்றிய நிபந்தனைகள் ஏதேனும் உள்ளனவா என்று வரி வரியாகப் படியுங்கள்.

இழப்புகளைப் பற்றி எழுதும்போது நாள், காரணம், அடுத்து என்ன செய்தார்கள் என்ற மூன்றையும் சேர்த்து எழுத வேண்டும். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஆரஞ்சுத் தோப்புகளுக்கு 1894 டிசம்பரில் ஒரு கடுங்குளிர் வந்தது. பழம் போயிற்று, மரங்கள் பிழைத்தன. அதன்பின் வந்த இதமான வாரங்களில் சாறு ஏறித் துளிர்விட்ட மரங்களை 1895 பிப்ரவரியின் இரண்டாம் குளிர் பட்டை வெடிக்கக் கொன்றது. 50 லட்சம் பெட்டிகளுக்கு மேலிருந்த விளைச்சல் அடுத்த பருவத்தில் 2 லட்சத்தைக்கூட எட்டவில்லை. பல குடும்பங்கள் நிலத்தை அப்படியே விட்டுப் போயின. எஞ்சியவை தெற்கே நகர்ந்தன. சில குடும்பங்கள் அடியிலிருந்து தழைத்த வேர்ச்செடியின்மேல் மீண்டும் மொட்டுக் கட்டின. குளிரில் செத்தது மேலே இருந்த ரகம். வேர் உயிரோடு இருந்தது. அதன்பின் குளிர்காலத்துக்கு முன் ஒட்டுக்கு மேல்வரை மண் அணைத்து வைப்பது அங்கே வழக்கமாயிற்று. அதே மாநிலத்தில் 2005இல் கண்டறியப்பட்ட, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் பசுமையாதல் நோய்க்கு அப்படி எந்த மண் அணைப்பும் உதவவில்லை: 2003–04 பருவத்தில் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த இடத்தில் 2023–24 பருவத்தில் 2 கோடிக்கும் குறைவாகவே விளைந்தது. நான்கைந்து தலைமுறை தாக்குப்பிடித்த குடும்பங்கள் அந்த இருபது ஆண்டுகளில் நிலத்தை விற்றுவிட்டு வெளியேறின.

மரங்கள் எப்போதும் இயற்கையால்தான் சாகின்றன என்றும் கொள்ள வேண்டாம். விளைச்சல் மிஞ்சி விலை விழுந்த காலத்தில், 1969இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் ஆப்பிள், பேரி, பீச் மரங்களை வேரோடு அகற்றுவோருக்கு மானியம் கொடுத்தது. தாத்தா நட்ட மரத்தை எடுப்பதற்குப் பேரன் கையெழுத்திட்டுப் பணம் வாங்கிய அத்தகைய விண்ணப்பம் உங்கள் பெட்டியில் இருந்தால் அதை மறைத்துவிட்டு எழுதாதீர்கள். குடும்பம் அன்றைக்கு எதை நம்பவில்லை என்பதற்கு அதைவிட நேரான சான்று கிடைக்காது.

அகற்றிய இடத்தில் என்ன வைத்தார்கள் என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆப்பிள் நின்ற மண்ணில் உடனே ஆப்பிளை வைத்தால் கன்று தேறாமல் குன்றிப்போகும். அந்த மண்ணில் பெருகியிருக்கும் பூஞ்சைகளும் நூற்புழுக்களும் இளவேரைத் தாக்குகின்றன. எனவே பண்ணைக்குள்ளேயே தோப்பு இடம்பெயரும். பழைய வான்வழிப் புகைப்படங்கள் கிடைத்தால் அவற்றில் மரங்கள் புள்ளிக்கோலம் போலத் தெரியும். பத்தாண்டுக்கு ஒரு படம் கிடைத்தாலும் அந்தக் கோலம் நிலத்தின்மேல் நகர்ந்துபோனதைப் பார்க்கலாம், புள்ளி விட்டுப்போன இடங்களை எண்ணலாம்.

மண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பூச்சிகளுக்கு எதிராக ஈய ஆர்சனேட் 1892இல் அமெரிக்காவின் மாசசூசெட்சில் முதலில் பயன்படுத்தப்பட்டது. அதன்பின் இரண்டாம் உலகப்போர் முடிந்து டிடிடி என்ற பூச்சிமருந்து பரவும்வரை, ஆப்பிளைத் துளைக்கும் புழுவுக்குப் பல நாடுகளில் அதையே ஆண்டுக்குப் பலமுறை தெளித்தார்கள். ஈயமும் ஆர்சனிக்கும் கரைந்தோடுவதில்லை. மேல்மண்ணின் சில அங்குலங்களிலேயே தங்கிவிடுகின்றன. தோப்பை அழித்துப் பல பத்தாண்டுகள் ஆன நிலத்திலும் மண்பரிசோதனை அதைக் காட்டிக்கொடுக்கிறது. எந்தத் துண்டு பழைய தோப்பு என்று ஆவணம் இல்லாத இடத்தில் இதுவே ஆவணம் ஆகும். குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் காய்கறிப் பாத்திக்கும் இந்த வரைபடம் பயன்படும் என்பதால், வரலாறு எழுதும் எண்ணம் இல்லாவிட்டாலும் இந்தப் பரிசோதனையைச் செய்துவிடுவது நல்லது.

இனிக் காகிதப் பெட்டிக்கு வருவோம். பத்திரங்களைவிடக் கணக்குப் புத்தகங்கள் பயன்மிக்கவை; கணக்குப் புத்தகங்களைவிட நாற்றுப்பண்ணைகளின் ரசீதுகள் பயன்மிக்கவை. நாற்று ரசீதில் ரகம், வேர்ச்செடி, எண்ணிக்கை, நாள் ஆகிய நான்கும் ஒரே தாளில் இருக்கும். கணக்குப் புத்தகத்தில் வரவைக் காட்டிலும் செலவை ஊன்றிப் படியுங்கள். பெட்டி, பலகை, ஆணி வாங்கிய செலவு திடீரெனக் கூடிய ஆண்டு, ஒரு துண்டு முதல்முறையாகக் காய்ப்புக்கு வந்த ஆண்டாக இருக்கும். ஏணிகள் வாங்குவது நின்ற ஆண்டு, குட்டை மரங்கள் வந்த ஆண்டாக இருக்கும். மரப்பெட்டிகளில் ஒட்டிய வண்ணச் சீட்டுகள் இருந்தால் அவையும் காலம் சொல்லும். கலிஃபோர்னியாவின் ஆரஞ்சுப் பெட்டிகளில் 1880களில் தொடங்கிய அந்த அழகிய சீட்டுகள், 1950களில் அட்டைப்பெட்டி வந்ததும் மறைந்துவிட்டன.

பாகப்பிரிவினைப் பத்திரங்களைப் படிக்கும்போது பரப்பளவை மட்டும் பார்க்கக் கூடாது. 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் குடிமைச் சட்டம் போலப் பிள்ளைகள் அனைவருக்கும் பங்கு என்ற முறை உள்ள இடங்களில் நிலம் சிதறியது. மூத்தவருக்கே முழுதும் என்ற முறை உள்ள இடங்களில் மற்றவர்கள் வெளியேறினார்கள். இது எல்லா வேளாண் குடும்பத்துக்கும் பொது. பழப்பண்ணையில் மட்டும் உள்ள சிக்கல், சம அளவுள்ள இரண்டு துண்டுகள் சம மதிப்புள்ளவையாக இருப்பதில்லை என்பதாகும். ஒருவருக்குக் காய்ப்பின் உச்சத்தில் உள்ள பதினைந்து வயது மரங்கள், இன்னொருவருக்கு நேற்று வைத்த கன்றுகள், மூன்றாமவருக்கு நாளை எடுக்க வேண்டிய கிழமரங்கள் என்று பங்கு விழுந்திருந்தால், காகிதத்தில் நியாயமாகத் தோன்றுவது பத்தாண்டுகளில் பகையாகியிருக்கும். சகோதரர்கள் ஏன் பேசாமல் போனார்கள் என்பதற்குக் குடும்பம் சொல்லும் காரணம் வேறாக இருக்கலாம். பிரிவினை நாளில் ஒவ்வொரு துண்டின் மரவயதையும் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு அந்தக் காரணத்தை நம்புங்கள்.

குடும்பத்தின் பெயரால் எழுதப்படும் வரலாற்றில் குடும்பத்தைச் சேராதவர்கள் விடுபட்டுப் போவார்கள். மேலே சொன்ன லுவெல்லிங்கின் தம்பி சேத், ஆரிகனின் மில்வாக்கியில் 1870களில் தேர்ந்தெடுத்த கருஞ்செர்ரிக்குத் தன் தோட்டத்தின் சீனத் தலைமைப் பணியாளரான ஆ பிங்கின் பெயரை வைத்தார். சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுத்து 1882இல் விலக்குச் சட்டம் வந்திருந்த காலத்தில், 1889 வாக்கில் தாயகம் சென்ற ஆ பிங் பிறகு ஆரிகனுக்குத் திரும்பவில்லை. பிங் செர்ரி அவர் பெயரைச் சொல்கிறது. அவரைப் பற்றி வேறு எதையும் அநேகமாக யாரும் எழுதிவைக்கவில்லை. உங்கள் கூலிக் கணக்குகளில் ஆண்டுதோறும் திரும்பி வரும் பெயர்கள் இருக்கும். கவாத்து யார் செய்தது, ஒட்டு யார் கட்டியது, யார் கை பட்டால் ஒட்டுப் பிடிக்கும் என்று பேர்பெற்றவர் யார் என்பவற்றைப் பெரியவர்களிடம் கேளுங்கள். வீட்டுப் பெண்களின் பங்கும் இப்படித்தான் மறைந்திருக்கும். பத்திரத்தில் பெயர் இல்லாவிட்டாலும், தரம்பிரிப்பதும் பெட்டி அடுக்குவதும் விற்ற கணக்கு எழுதுவதும் அவர்கள் கையில் இருந்திருக்கலாம். கணக்குப் புத்தகத்தின் கையெழுத்து எந்த ஆண்டில் மாறுகிறது என்று பார்த்தால் சில சமயம் அங்கேயே விடை கிடைக்கும்.

பெரியவர்களை நாற்காலியில் உட்காரவைத்து ஒலிப்பதிவுக் கருவியை முன்னால் நீட்டினால், முன்பு நூறு முறை சொன்ன கதைகளையே நூற்றோராவது முறையாகச் சொல்வார்கள். நடக்க முடிந்தவராக இருந்தால் தோப்புக்குள் அழைத்துச் செல்லுங்கள்; முடியாதவரானால் வண்டியில் மெதுவாகச் சுற்றிவாருங்கள். “அந்தக் காலத்தில் எப்படி இருந்தது” என்று பொதுவாகக் கேட்காமல், ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் நின்று “இதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது, ஏன் எடுத்தீர்கள்” என்று மட்டும் கேளுங்கள். மரத்தைப் பார்த்தால் நினைவு வரும். நினைவு வந்தால் ஆண்டு வராவிட்டாலும், எந்தப் பிள்ளை பிறந்த ஆண்டு, எந்தக் கிணறு வெட்டிய ஆண்டு என்று அதை ஏதேனும் ஒன்றோடு சேர்த்துச் சொல்வார்கள். அதிலிருந்து ஆண்டைப் பிடித்துக்கொள்ளலாம்.

இனி, எங்கிருந்து தொடங்குவது என்ற உங்கள் கேள்விக்கு நேரான விடை: அடுத்து எந்தத் துண்டைப் பிடுங்கப்போகிறீர்களோ அதிலிருந்து தொடங்குங்கள். காகிதங்கள் பெட்டியில் இன்னும் சில காலம் காத்திருக்கும். அந்த மரங்கள் காத்திரா. பொக்லைன் வருவதற்கு முன் இடைவெளியை அளந்து, ஒட்டின் உயரத்தைக் குறித்து, நான்கு புறமும் புகைப்படம் எடுத்து, அந்தத் துண்டை அறிந்த மூத்தவரை ஒருமுறை அங்கே நிறுத்திப் பேசவைத்து, பெயர் தெரியாத ரகம் ஏதேனும் இருந்தால் குச்சி வெட்டி வேறிடத்தில் ஒட்டுக்கட்டிவிடுங்கள். மரம் விழுந்தபின் அடிப்பகுதியில் ஒரு வட்டை அறுத்துத் தேய்த்து வளையங்களை எண்ணுங்கள். நடுப்பகுதி உளுத்துக் கூடாகியிருந்தால், வைரம் மீதமிருக்கும் இடம்வரை எண்ணி, அதற்கு மேற்பட்ட வயது என்று குறியுங்கள். அந்த எண்ணையும் பெட்டியிலுள்ள நாற்று ரசீதின் தேதியையும் ஒப்பிடுவது இரண்டாம் நாள் வேலை.